சொந்த மதத்தாரே சிறையில் அடைத்த பாதிரியார்

தரங்கம்பாடிக் கடற்கரை. 1706-ம் ஆண்டு, ஜூலை மாதம் 9-ந் தேதி.

டென்மார்க்கில் இருந்து வந்த கப்பலை விட்டு இரண்டு பாதிரிமார்கள் கரை இறங்கினார்கள். ஒருவர் பெயர், பர்த்தலோமேயு சீகன்பால்க். மற்றவர், ஹென்ரிக் புளுட்சோ. இருவரும் ஜெர்மானியர்கள். சீகன்பால்குக்கு அப்போது சுமார் 24 வயது.

ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கஷ்டப்பட்டு வந்தவர்கள் அவர்கள். டென்மார்க் ராஜாவின் உத்தரவு அவர்கள் கையில் இருந்தது. தரங்கம்பாடியும் டென்மார்க்காரர்களின் ஆட்சியில் இருந்த ஊர். வரவேற்பு கிடைக்கும் என்று யாரும் எண்ணுவார்கள்.

ஆனால், நடந்தது வேறு.

ஊருக்கு வெளியே பல மணி நேரம் அவர்களைக் காக்க வைத்தார்கள். பிறகு கோட்டைத் தலைவர் ஹாசியஸ் வந்தார். இவர்கள் எதற்காக வந்தார்கள் என்று கடுமையாக விசாரித்தார். ராஜாவின் கடிதத்தைக் கண்டும் அவர் முகம் மலரவில்லை. இருவரையும் தெருவிலேயே நிற்க விட்டு விட்டுப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்தது. தெரியாத ஊர். புரியாத பாஷை. போக இடம் இல்லை. கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டுத் தங்க இடம் தேடிக் கொடுத்தார்.

தமிழ் நாட்டில் சீகன்பால்குக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான்.

ராஜாவின் ஆசையும், கம்பெனியின் பயமும்

தரங்கம்பாடிக்கு டென்மார்க்காரர்கள் வந்தது 1620-ம் ஆண்டில். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து கொண்டு, கடல் ஓரத்தில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். வியாபாரம் செய்வதுதான் அவர்கள் நோக்கம். மதத்தைப் பரப்பும் எண்ணம் கம்பெனிக்கு இல்லை.

டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக்கின் எண்ணம் வேறு. தம் ஆட்சியில் உள்ள இந்திய மக்களுக்குக் கிறிஸ்தவ மதத்தைப் போதிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் படித்த இரண்டு வாலிபர்கள் அந்த வேலைக்குத் தேர்ந்து எடுக்கப்பட்டார்கள்.

கம்பெனி அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. மத விஷயத்தில் கை வைத்தால் ஊரார் கோபம் கொள்வார்கள். தஞ்சை ராஜாவின் பகை வரும். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். ராஜா வெகு தொலைவில் இருந்தார். கோட்டையின் சாவி ஹாசியஸ் கையில் இருந்தது.

தாயார் வைத்த சொத்து

இந்த வெறுப்பைத் தாங்கும் மனம் சீகன்பால்குக்கு எங்கிருந்து வந்தது? அதை அறிய அவருடைய இளமைப் பருவத்துக்குப் போக வேண்டும்.

சீகன்பால்க், 1682-ம் ஆண்டு ஜெர்மனியில் சாக்சனி நாட்டில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிறு ஊரில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. சீகன்பால்க் சிறுவனாக இருந்தபோதே தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள்.

தாயார் சாகும் தறுவாயில் பிள்ளைகளை அருகில் அழைத்து, உங்களுக்காகப் பெரிய சொத்து வைத்திருக்கிறேன், அதைப் பைபிளில் தேடுங்கள் என்று சொன்னதாகக் கூறுவார்கள். அந்தப் பைபிளின் பக்கங்களில் அந்த அம்மாளின் கண்ணீர் பட்டிருந்ததாம்.

சீகன்பால்க் திடகாத்திரமானவர் அல்ல. அடிக்கடி வயிற்று வலி வரும். மனச்சோர்வும் உண்டு. உடல் நலக் குறைவால் படிப்பையே இடையில் நிறுத்த நேர்ந்தது. இந்த வேலைக்குத் தாம் தகுதி இல்லை என்று பல முறை கலங்கினார். ஹாலேயில் அவருடைய ஆசிரியராக இருந்த பிராங்கே, அவருக்குத் தைரியம் ஊட்டினார்.

தம்மால் முடியாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஆகவே, தம் பலத்தை நம்பி அவர் எதையும் தொடங்கவில்லை. கடவுள் அனுப்பினார், அவரே பார்த்துக் கொள்வார் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. தினமும் ஜெபமும், வேத வாசிப்பும் அவருக்குச் சாப்பாடு மாதிரி.

மணலில் எழுதிப் படித்தார்

தரங்கம்பாடியில் அதிகாரிகள் முகம் கொடுக்கவில்லை. அதற்காக சீகன்பால்க் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. தமிழ் படிக்கத் தொடங்கினார்.

வயதான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கிடைத்தார். அவர் தம் பள்ளிக்கூடத்தையே பாதிரிமார்களின் வீட்டுக்கு மாற்றிக் கொண்டார். சிறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார்கள். அவர்கள் பக்கத்தில், பல்கலைக்கழகத்தில் படித்த சீகன்பால்கும் உட்கார்ந்து மணலில் எழுதினார்.

பிறகு, பல பாஷைகள் தெரிந்த அழகப்பன் என்பவர் உதவிக்கு வந்தார். நாள் தோறும் காலையில் இருந்து மாலை வரை சுவடிகளைப் படிப்பதும், சொற்களைக் குறித்து வைப்பதுமாக சீகன்பால்க் உழைத்தார். காலப்போக்கில் அந்தக் குறிப்புகள் சுமார் 40 ஆயிரம் சொற்கள் கொண்ட அகராதியாக வளர்ந்தன.

ஊர் ஊராக ஓலைச் சுவடிகளைச் சேகரித்தார். 1708-ம் ஆண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் தயாரித்துவிட்டார். நம் குழந்தைகள் படிக்கும் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய நூல்களை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார்.

தமிழர்களைப் பற்றி ஐரோப்பாவில் தாழ்வாகப் பேசக் கேட்டு வந்தவர் அவர். அதே எண்ணம் அவருக்கும் இருந்தது. இந்த நூல்களைப் படித்த பிறகு, அந்த எண்ணம் தவறு என்று மனம் விட்டு ஒப்புக் கொண்டார். மத விஷயத்தில் அவர் தம் கொள்கையை விடவில்லை. ஆனால் தமிழர்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் மதிக்கக் கற்றுக் கொண்டார்.

1707-ம் ஆண்டு மே மாதம், ஐரோப்பியர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு சிறு தேவாலயம் எழுந்தது. அதற்குப் புதிய எருசலேம் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கியது.

அப்போதும் பெரும்பாலான ஊரார் ஒதுங்கியே நின்றார்கள். புது மதத்தில் சேர்ந்தவர்களை உறவினர்கள் வீட்டில் சேர்க்கவில்லை. ஆனாலும், பெரிய அடி ஊராரிடம் இருந்து வரவில்லை. அது கோட்டையில் இருந்து வந்தது.

விதவைக்காகப் பேசினார்

1708-ம் ஆண்டு. இறந்து போன நாவிதர் ஒருவரின் மனைவி ஒரு கடன் தகராறில் சிக்கிக் கொண்டாள். எதிர்த் தரப்பில் இருந்தவர், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவர். அந்த விதவைக்காக சீகன்பால்க் பரிந்து பேசினார்.

பாதிரியார் தம் அதிகாரத்தில் தலையிடுகிறார் என்று ஹாசியஸ் கோபம் கொண்டார். ஏற்கனவே இருந்த வெறுப்பு கொழுந்து விட்டு எரிந்தது. நவம்பர் மாதம் 19-ந் தேதி சீகன்பால்க் கைது செய்யப்பட்டு, டான்ஸ்போர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

அடைத்தவரும் கிறிஸ்தவர். அடைபட்டவரும் கிறிஸ்தவர். இருவரும் ஒரே ராஜாவின் ஆட்சியின் கீழ் வேலை பார்த்தவர்கள்.

சிறையில் 4 மாதம்

சிறைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 17-ந் தேதிதான், பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்க சீகன்பால்க் தொடங்கி இருந்தார். சிறைக் கதவு மூடியதும் அந்த வேலை நின்றது. வெளியே இருந்த சிறு சபை கலங்கியது. புளுட்சோ தனியாகத் தவித்தார்.

சீகன்பால்க் நினைத்திருந்தால் மனம் கசந்து போயிருக்கலாம். வந்தது வீண் என்று கப்பல் ஏறி இருக்கலாம். சோர்வு அவருக்குப் புதிது அல்ல. ஆனால் அந்த அறையில் அவர் தாயார் காட்டிய சொத்தைத் தேடினார். ஜெபத்தில் பொழுதைக் கழித்தார். எழுத வழி கிடைத்ததும் எழுதினார். கிறிஸ்தவனுடைய வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நூல். போதகருடைய ஊழியம் எப்படி இருக்க வேண்டும் என்று மற்றொரு நூல். போதகம் செய்ததற்காகத் துன்பப்பட்டவர், போதகரின் கடமையைப் பற்றிச் சிறையில் இருந்தே எழுதினார்!

1709-ம் ஆண்டு மார்ச் மாதம் 26-ந் தேதி அவர் விடுதலையானார். வெளியே வந்ததும், விட்ட இடத்தில் இருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அது முடிந்தது.

அச்சில் வந்த புத்தகம்

கையால் எழுதினால் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? அச்சடிக்க வேண்டும். லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. அது வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். இயந்திரம் தப்பி வந்தது. கூட வந்த அச்சுக்காரர் நடுவழியிலேயே இறந்துவிட்டார்.

பிறகு ஹாலேயில் தமிழ் எழுத்துக்களை வார்த்து அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் செலவானது. எனவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. பக்கத்தில் உள்ள பொறையாரில் காகிதப் பட்டறையும் அமைத்தார்கள்.

தமிழில் அச்சு நூல் 1578-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் ஓர் இந்திய மொழியில் அச்சானது இதுவே முதல் தடவை. 1715-ம் ஆண்டில் அந்த வேலை நிறைவேறியது.

நண்பர்களும் மறுத்தார்கள்

எதிரிகள் மறுத்தால் தாங்கலாம். நண்பர்கள் மறுத்தால்?

தென்னாட்டுத் தெய்வங்களையும், வழிபாடுகளையும் பற்றி சீகன்பால்க் விரிவாக ஒரு நூல் எழுதினார். தமிழ் நூல்களைப் படித்தும், தமிழர்களிடம் கேட்டும் திரட்டிய செய்திகள் அவை. 1713-ம் ஆண்டு அதை ஹாலேக்கு அனுப்பினார். யார் அவருக்குத் தைரியம் ஊட்டினாரோ, அந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்த மதத்தை அழிக்கத்தான் உங்களை அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவருடைய எண்ணம். அந்த நூல் 1867-ம் ஆண்டில்தான் சென்னையில் அச்சாயிற்று.

1714-ம் ஆண்டு சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் போனார். ராஜாவைக் கண்டு நிலைமையைச் சொன்னார். மரியா டோரதியா என்ற பெண்ணை மணந்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ம் ஆண்டு ஹாலேயில் வெளியாயிற்று. அதே ஆண்டு தம்பதிகள் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்கள். ஹாசியஸ் அப்போது பதவியில் இல்லை. புதிய அதிகாரி உதவி செய்தார். பழைய தேவாலயம் போதாததால், பெரிய தேவாலயம் கட்டப்பட்டது. 1718-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி அது திறக்கப்பட்டது.

இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று தோன்றியது.

கடைசி அடி

அப்போது கோபன்ஹேகனில், இந்த ஊழியத்தைக் கவனிக்கும் சபைக்கு வெண்ட் என்பவர் செயலாளராக இருந்தார். போதகர்கள் பழைய காலத்து அப்போஸ்தலர்களைப் போலக் கையில் ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராகப் போக வேண்டும். கட்டிடமும், பள்ளிக்கூடமும், அச்சகமும் எதற்கு என்பது அவர் கட்சி. சீகன்பால்கைக் கண்டித்துக் கடுமையாக எழுதினார்.

தரங்கம்பாடியின் வெயிலையும், மணலையும் அறியாத ஒருவர், பன்னிரண்டு ஆண்டு உழைப்பைத் தவறு என்று சொல்லிவிட்டார். எந்த இடத்தில் ஆதரவு கிடைக்க வேண்டுமோ, அங்கிருந்தே அடி விழுந்தது. சீகன்பால்க் ஏற்கனவே நோயில் விழுந்திருந்தார். அந்த எழுத்து அவர் மனதை மிகவும் புண்படுத்தியது. கடவுளை நம்பியவருக்கு மனம் நோகாது என்று எண்ணக் கூடாது. நொந்தது. ஆனாலும் அவர் தம் வேலையைக் கைவிடவில்லை. பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரை தமிழாக்கி வைத்திருந்தார்.

1719-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ந் தேதி. முடிவு நெருங்கியது. தமக்குப் பிரியமான பக்திப் பாடல் ஒன்றைப் பாடும்படி சீகன்பால்க் கேட்டார். பாடினார்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 36.

தாம் கட்டிய தேவாலயத்துக்குள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

விட்ட இடத்தில் இருந்து...

அவர் இறந்தபோது, அவருடைய சபையில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது சொற்பமாகத் தெரியும். உடன் உழைத்த குருண்ட்லரும் அடுத்த ஆண்டே காலமானார். ஆனால் வேலை நிற்கவில்லை. பின்னால் வந்த சூல்ட்சே என்ற பாதிரியார் ரூத் புத்தகத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்து தொடர்ந்து, பைபிளைத் தமிழில் முடித்தார்.

1845-ம் ஆண்டு டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கம்பெனியின் வியாபாரம் மறைந்தது. டான்ஸ்போர்க் கோட்டையைக் காண இன்றும் மக்கள் வருகிறார்கள். கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் புதிய எருசலேம் தேவாலயம் நிற்கிறது. அங்கே இன்றும் தமிழில் ஜெபம் நடக்கிறது.

அந்தத் தமிழைத்தான், தெருவில் நிற்க விடப்பட்ட வாலிபர் ஒருவர், மணலில் விரலால் எழுதிக் கற்றுக் கொண்டார்.