குந்தீநகரத்துத் திருமலையாழ்வார்

வைகாசி விசாகம் நம்மாழ்வாரின் திருநக்ஷத்திரம். அதே விசாகத்தில் திருவவதரித்து, அவ்வாழ்வாரின் திருவாய்மொழிக்கே தம்மை ஒப்படைத்து, அதனாலேயே திருவாய்மொழிப் பிள்ளை என்று பெயர் பெற்ற ஆசார்யர் மதுரைச் சீமையில் தோன்றியவர். அவருடைய முந்தைய திருநாமம் திருமலையாழ்வார், வடமொழியில் ஸ்ரீசைலேசர். பிறந்த ஊரைக் குந்தீநகரம் என்பர் பெரியோர். வைகையின் தென்கரையில், அகழாய்வினால் இன்று உலகறிந்த கீழடியை அடுத்துள்ள கொந்தகையே அவ்வூர்.

இளமையில் பிள்ளை லோகாசார்யர் திருவடிகளை ஆச்ரயித்துப் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றார். ஆயினும் அந்த ஸம்பந்தம் நெடுநாள் மறைந்தே கிடந்தது. வடமொழியிலும் தமிழிலும் தேர்ந்த புலமை அவரை மதுரை அரண்மனையில் கொண்டு சேர்த்தது. மன்னன் மறைந்தபோது அரசகுமாரர்கள் சிறுவர். ராஜ்யபாரம் முழுதும் திருமலையாழ்வார் தோளில் விழுந்தது. பல்லக்கும் யானையும் பரிவாரமுமாக நாட்கள் கழிந்தன.

1323ஆம் ஆண்டு டில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தது. முதுமையிலும் பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே நடந்தார். யானைமலையை அடுத்த ஜ்யோதிஷ்குடி, இந்நாளில் கொடிக்குளம் என வழங்கும் ஊர், அவருடைய கடைசித் தங்குமிடமாயிற்று. பெருமாள் வீதியின்றி நிற்கிறார். அடியார் கூட்டம் சிதறிவிட்டது. இனி ஸம்ப்ரதாயத்தைத் தாங்குவார் யார் என்னும் கவலை அவருக்கு. அந்நிலையில் அவர் நினைத்தது மதுரையில் அரசகாரியம் பார்த்துக்கொண்டிருந்த பழைய சிஷ்யனைத்தான். அவனை மீட்டுத் தர்சனத்திற்கு ஆக்கும்படி கூரகுலோத்தம தாஸர் முதலான அந்தரங்க சிஷ்யர்களுக்குப் பணித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஒரே ஆசார்யன் நிழலில் ஒதுங்கிய இருவர் பல்லாண்டு கழித்துச் சந்தித்தால் ஆரத்தழுவி க்ஷேமம் விசாரித்துக்கொள்வர் என்று நாம் எண்ணுவோம். மதுரைத் தெருவில் நடந்தது வேறு. பல்லக்கில் நகரை வலம் வந்த திருமலையாழ்வாரின் செவியில் விழும்படி தாஸர் திருவிருத்தத்தை அநுஸந்தித்தார். பல்லக்கு நின்றது. பாசுரத்தின் பொருளைச் சொல்லவேண்டும் என்றார் திருமலையாழ்வார். தாஸர் விடையாக உமிழ்ந்தார். பல்லக்கில் அமர்ந்து கேட்டுப் பெறும் பொருள் அன்று அது என்பது கருத்து. சேவகர் சினந்து பாய்ந்தனர். திருமலையாழ்வார் அவர்களைத் தடுத்துவிட்டார். அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் கையிலிருந்தும் அது எழவில்லை என்றால், பழைய ஸம்பந்தம் உள்ளே பட்டுப்போகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

மாளிகை திரும்பி, எப்போதும் நல்வழி காட்டிவந்த சிற்றன்னையாரிடம் நடந்ததைச் சொன்னார். பிள்ளை லோகாசார்யர் ஸம்பந்தத்தை மறந்தாயே என்று அந்த அம்மையார் கடிந்துகொண்டார். அன்று முதல் திருமலையாழ்வார் தாஸரைத் தேடலானார். ஒருநாள் யானைமேல் வருகையில், தாஸர் கண்ணில் படும்படி ஒரு மேட்டில் நின்றார். திருமலையாழ்வார் யானையினின்று இறங்கி அவர் திருவடிகளில் விழுந்தார். அவருக்கு வைகைக் கரையில் இருப்பிடம் அமைத்துக் கொடுத்தார். விடியற்காலையில் திருமண்காப்பு அணியும் வேளையில் தாஸர் வந்து ரஹஸ்யார்த்தங்களை உபதேசிப்பது என்று ஏற்பாடு. திருமண் இடும்போதெல்லாம் திருமலையாழ்வார் பிள்ளை லோகாசார்யர் தனியனைச் சொல்லக் கேட்டுத் தாஸர் உள்ளம் குளிர்ந்தார்.

அதுவும் நிலைக்கவில்லை. ராஜ்ய காரியம் மிகுந்து திருமலையாழ்வார் சில நாள் வரவில்லை. காத்திருந்த தாஸர் வருகையை நிறுத்திவிட்டார். பதறிப்போன சிஷ்யர் தாமே தேடிச் சென்று தண்டனிட்டு அபராத க்ஷமை வேண்டினார். தாஸர் அமுதுசெய்த சேஷப்ரஸாதத்தையும் பெற்று உண்டார். அதன்பின் அவர் வாயில் தாஸர் திருவடிகளைத் தவிர வேறு பேச்சில்லை. ஆட்சியைத் தக்கவரிடம் ஒப்புவித்து, சேதுநாட்டுச் சிக்கிலில் சென்று தங்கிய தாஸரின் பின்னே போய்க் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தார். ஒருசாலை மாணாக்கராக இருந்தவரையே ஆசார்யராகக் கொள்வது எளிதன்று. அதிகாரத்தில் இருந்தவருக்கு அது இன்னும் கடினம்.

தாஸர் தமக்குப் பின் திருக்கண்ணங்குடிப் பிள்ளையையும், திருவனந்தபுரத்தில் இருந்த விளாஞ்சோலைப் பிள்ளையையும் அணுகும்படி நியமித்திருந்தார். இருவரும் பிள்ளை லோகாசார்யரின் சிஷ்யர்களே. முன்னவரிடம் திருவாய்மொழிப் பொருளையும் பின்னவரிடம் ரஹஸ்யங்களையும் கேட்டார். காஞ்சியில் நாலூர்ப் பிள்ளையின் நியமனத்தால் அவர் குமாரர் நாலூராச்சான் பிள்ளை ஈடு முப்பத்தாறாயிரப்படியை உபதேசித்தார்.

பின்பு ஆழ்வார் திருநகரி சென்றார். ஆழ்வார் அங்கே இல்லை. ஊர் காடாய்க் கிடந்தது. காட்டை வெட்டித் திருத்தி ஊராக்கினார். திருக்கணாம்பியில் இருந்த நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். எம்பெருமானார்க்குத் தனிச் ஸந்நிதி கட்டி, சுற்றிலும் வீதி அமைத்துப் பத்துக் குடும்பங்களைக் குடியேற்றினார். காடுவெட்டிகுரு என்னும் பெயர் இதனால் வந்தது. ஒரு காலத்தில் நாடாண்டவருக்கு இப்பெயர்!

நம்பெருமாள் 1371ஆம் ஆண்டு திருவரங்கம் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஆழ்வார் திருநகரியில் பிறந்து, தாய்வழிப் பாட்டனார் ஊராகிய சிக்கிலில் வளர்ந்த பிள்ளை ஒருவர், பிற்காலத்தில் திருவாய்மொழிப் பிள்ளையை ஆச்ரயித்தார். அவரே மணவாள மாமுனிகள். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டு, பின் திருவரங்கத்திலேயே இருந்து அருளிச்செயல் வியாக்கியானங்களில் ஊன்றியிருக்கும்படி அவருக்கு நியமித்துவிட்டுத் திருவாய்மொழிப் பிள்ளை பரமபதம் அடைந்தார்.