கதை சொன்ன சிறுமி பத்திரிகை ஆசிரியர் ஆனார்!



எங்கள் காந்தலில் பொழுது சாய்ந்ததுமே குளிர் வந்துவிடும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாட்டியிடம் கதை கேட்பது தனிச் சுகம். கேட்ட கதையை உங்களில் எத்தனை பேர் தம்பி, தங்கைகளுக்குத் திரும்பச் சொல்வீர்கள்? அப்படிக் கதை சொல்லிச் சொல்லியே பெரிய எழுத்தாளர் ஆனவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-ம் ஆண்டு பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். 5 வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்துவிட்டது! அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இன்று அது சட்டப்படி குற்றம். பள்ளிக்கூடம் போய்ப் படிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை.

புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணியில். அங்கே பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, தானே கற்பனை செய்த கதைகளைச் சொல்வார். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்க அழைத்துச் செல்வார். நாமும் ஒரு நாடகம் எழுதினால் என்ன என்ற ஆசை கோதைநாயகிக்கு வந்தது. ஆனால், அப்போது அவருக்கு எழுத வராதே! என்ன செய்தார் தெரியுமா? அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படிப் பிறந்த 'இந்திர மோகனா' நாடகம் 1924-ல் அச்சில் வந்தது. பிறகு தாமே எழுதவும் கற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டே, நின்றுபோகும் நிலையில் இருந்த 'ஜகன்மோகினி' மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் 'வைதேகி' என்ற துப்பறியும் நாவலைத் தொடராக எழுதினார். பெண் கதை எழுதுவதா, பத்திரிகை நடத்துவதா என்று பலர் ஏளனம் செய்தார்கள். அவர் கலங்கவில்லை. சுமார் 35 ஆண்டுகள் அந்த இதழை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார்.

காந்தியடிகளிடம் பற்றுக்கொண்டு பட்டுப்புடவையை விட்டுக் கதர் உடுத்தினார். மதுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையிலும் அவர் பேனா ஓயவில்லை. அங்கேயும் ஒரு நாவல் எழுதினார். 1960-ல் மறைந்தார்.

குழந்தைகளே, பட்டம்மாள் அன்று உதவாமல் இருந்தால், அந்த முதல் நாடகம் காற்றோடு போயிருக்கும் அல்லவா? உங்கள் வீட்டிலும் எழுதத் தெரியாத பாட்டி இருக்கலாம். அவர் மனதில் எத்தனையோ கதைகள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அருகில் உட்காருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்!