ரிச்சர்ட் டிம்பிள்பி

ரிச்சர்ட் டிம்பிள்பி (மே 25, 1913 – டிசம்பர் 22, 1965) பிரித்தானிய வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பாளர் ஆவார். பிபிசியின் முதல் போர்ச் செய்தியாளரான இவர், நாட்டின் பெருநிகழ்வுகளைத் தொலைக்காட்சியில் வருணித்து மக்களின் நம்பிக்கையையும் அன்பையும் பெற்றார்.

வானொலியில்

இலண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்த டிம்பிள்பி, தம் குடும்பத்தினரின் செய்தித்தாளில் பணியைத் தொடங்கி, 1936 இல் பிபிசியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்து சென்று செய்தி அளித்தார். ஏப்ரல் 1945 இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமிற்குச் சென்று, அங்கு கண்ட கொடுமைகளை விவரித்தார். அவை நம்புதற்கு அரியனவாக இருந்தமையால் பிபிசி தயங்கியது. பதவி விலகப்போவதாக இவர் எச்சரித்த பின்னரே அச்செய்தி ஒலிபரப்பானது.

தொலைக்காட்சியில்

1953 இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை வெஸ்ட்மின்ஸ்டர் மடத்திலிருந்து வருணித்தார். பிரித்தானியாவில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். 1955 முதல் "பனோரமா" நிகழ்ச்சியை வழங்கினார். 1957 ஆம் ஆண்டின் முட்டாள்கள் தினத்தன்று, சுவிட்சர்லாந்தில் ஸ்பாகெட்டி மரத்தில் காய்ப்பதாக அந்நிகழ்ச்சி விளையாட்டாகக் காட்டியது. சொன்னவர் டிம்பிள்பி என்பதால் பலர் அதனை உண்மையென்றே நம்பினர். சனவரி 1965 இல் வின்ஸ்டன் சர்ச்சிலின் இறுதிச் சடங்கையும் இவரே வருணித்தார்.

நோயும் மறைவும்

அப்போது இவர் சில ஆண்டுகளாகவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். அந்நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் தயங்கிய காலத்தில், தமக்குள்ள நோய் இன்னதென்று 1965 இல் வெளிப்படையாக அறிவிக்கச் செய்தார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தமது 52 ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டே இவர் பெயரில் புற்றுநோய் நிதியம் தொடங்கப்பட்டது. இவரது நினைவுக்கல் 1990 இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் நிறுவப்பட்டது.