வாலைப் பிடித்துத் தூக்கிய விமானம்



அமெலியா இயர்ஹார்ட் பெயரைப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1932இல் அட்லாண்டிக் கடலை விமானத்தில் தனியாகத் தாண்டிய முதல் பெண். நான் எழுதுவது அதற்கும் முந்திய கதை. அவர் எந்த விமானத்தில் ஓட்டிப் பழகினார் தெரியுமா?

அமெலியா 1897 ஜூலை 24இல் அமெரிக்காவில் அட்சிசன் என்ற ஊரில் பிறந்தார். 1920 டிசம்பரில் கலிபோர்னியாவில் முதல்முறை விமானத்தில் ஏறினார். பத்தே நிமிடம்தான் பறந்தார். அடுத்த மாதமே நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் மாணவியாகச் சேர்ந்துவிட்டார்!

நீட்டா கற்றுக்கொடுத்த விமானத்தின் பெயர் கனக். முதல் உலகப் போரில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரிய விமானம். முன் சீட்டு, பின் சீட்டு இரண்டிலும் ஓட்டும் கருவிகள் உண்டு. மாணவி தப்பு செய்தால் டீச்சர் சரிசெய்துவிடலாம். பழக நல்லதுதான். ஆனால் தரையில் அதை நகர்த்த ஓர் ஆள் துணை வேண்டும்.

அதே மைதானத்தில் பெர்ட் கின்னர் என்பவர் ஏர்ஸ்டர் என்ற குட்டி விமானம் செய்திருந்தார். அதன் வாலைப் பிடித்துத் தூக்கி, அமெலியா தானே இழுத்துக்கொண்டு போகலாம். அது போதும் அவருக்கு!

எனக்கு இது நல்லாப் புரிகிறது. அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். ஓட்ட வந்துவிட்டது, ஸ்டாண்டு போட மட்டும் வராது. யாராவது வரும்வரை பிடித்துக்கொண்டே நிற்பேன்.

ஏர்ஸ்டரிலும் குறை இருந்தது. மூன்று சிலிண்டர் என்ஜின் அதிர்கிற அதிர்ச்சியில் கால் மரத்துப் போய்விடுமாம். விலை சுமார் 2000 டாலர். டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார், அம்மாவும் தங்கையும் உதவினார்கள். 1921இல் வாங்கிவிட்டார். மஞ்சள் நிறம் என்பதால் கேனரி என்ற மஞ்சள் குருவியின் பெயரை வைத்தார்.

ஒருநாள் நீட்டாவோடு கிளம்பும்போது, எதிரே இருந்த யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டும் உயரத்துக்கு விமானம் ஏறவில்லை. கீழே விழுந்து சக்கரமும் விசிறியும் உடைந்தன. நல்லவேளை, இரண்டு பேரும் தப்பித்தார்கள். நீட்டா பார்த்தபோது அமெலியா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாராம். நிருபர்கள் வருவார்களே!

விழுந்ததே என்று அவர் அதை விட்டுவிடவில்லை. 1922 அக்டோபர் 22இல் அதே கேனரியில் 14,000 அடி உயரம் ஏறினார். அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு உயரம் பறந்ததில்லை. 1923இல் சர்வதேச உரிமமும் கிடைத்தது.

1924இல் கேனரியை விற்று ஒரு கார் வாங்கினார். அதுவும் மஞ்சள்தான்!

1937 ஜூலை 2இல் உலகைச் சுற்றி வரும்போது பசிபிக் கடலின் மேலே காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 39. அன்று அவர் ஓட்டியது இரண்டு என்ஜின் வைத்த பெரிய விமானம்.