மூளை அலை கண்ட மருத்துவர்

ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனி நாட்டில் கோபர்க் நகரை அடுத்த நொய்செஸ் என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாயாரோ, நளன் கதையை ஜெர்மானிய மொழியில் பாடிய பிரீட்ரிக் ரூக்கர்ட் என்னும் பெருங்கவிஞரின் மகளார். வான நூலில் வல்லவராதல் வேண்டும் என்பதே இளமையில் பெர்கர் கொண்ட வேட்கை.

அவ்வேட்கையை ஒரு விபத்து மாற்றிற்று. படைப் பயிற்சியின்போது குதிரை மருண்டு துள்ளவே, அவர் பீரங்கி வண்டியின் முன்னே வீழ்ந்தார். சக்கரம் மேலே ஏறுமுன் வண்டி நின்றமையால் உயிர் தப்பினார். அன்று மாலையே தந்தையாரிடமிருந்து நலம் உசாவித் தந்தி வந்தது. மகனுக்கு இடர் நேர்ந்ததோ எனத் தொலைவில் இருந்த உடன்பிறந்தாள் கலங்கியதே அதற்குக் காரணமாம். ஓர் உள்ளத்தின் அச்சம் மற்றோர் உள்ளத்தை எவ்வாறு எட்டிற்று? இவ்வினா பெர்கரை விட்டு நீங்கவேயில்லை. அவர் மருத்துவம் பயின்று, 1897இல் ஜேனா நகரத்து மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். 1919இல் அதன் தலைவரானார்.

மூளையின் குருதியோட்டத்தை அளந்தார், வெப்பத்தை அளந்தார், விடை கிட்டவில்லை. பின்னர், கபால எலும்பின் ஒரு பகுதி நீக்கப்பெற்ற நோயாளிகளின் தலையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, உடலில் அதன் விளைவு தோன்ற எவ்வளவு நேரமாகிறது என ஆராய்ந்தார். அங்கே அவர் எண்ணம் திசை திரும்பிற்று. மூளைக்கு மின்சாரம் கொடுப்பதை விடுத்து, மூளையே மின்சாரம் தருகின்றதா எனப் பார்க்கத் துணிந்தார். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென லிவர்பூல் நகரத்துக் கேட்டன் 1875இலேயே கண்டிருந்தார். 1924ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், 17 வயது இளைஞன் ஒருவன் தலையில் பெர்கர் மின்வாய்களைப் பொருத்தினார். மின்னளவியின் இழை அசைந்தது.

பிறராயின் மறுநாளே பறைசாற்றியிருப்பர். பெர்கரோ ஐயுற்றார். நெஞ்சின் துடிப்போ, தசையின் அசைவோ தம்மை ஏமாற்றுகின்றதோ என ஐந்தாண்டுகள் சோதித்தார். தம் மகன் தலையிலும் மின்வாய் பொருத்திப் பார்த்தார். 1929இல்தான் கட்டுரை வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருக்கையில் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து விழும் அலைக்கு ஆல்பா என்றும், கண் திறந்ததும் அது அடங்கத் தோன்றும் விரைந்த சிற்றலைக்குப் பீட்டா என்றும் பெயரிட்டார். அவ்வலைகள் ஒரு வோல்ட்டின் லட்சத்தில் சில பங்கே வலிமை உடையன. தொலைவில் உள்ள உள்ளத்தை எட்டுதல் அவற்றால் ஆகாது. தேடிய விடை கிட்டவில்லை. தேடாத புதையல் கிட்டிற்று. அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் ஆகிய இருவரும் மெய்ப்பித்த பின்னரே உலகம் செவி சாய்த்தது.

அவர் வாழ்வில் கறையும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. நாஜி ஆட்சியில் நோயாளிகளை மகப்பேறு அற்றவராக்கிய கொடிய சட்டத்தின் மேல்முறையீட்டு மன்றத்தில் அவரும் அமர்ந்திருந்தார். 1938இல் ஓய்வு பெற்றார். மனச்சோர்வு நோயால் நலிந்து, 1941 ஜூன் 1 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மின்னோட்டம் செலுத்திய அவருடைய பழைய முயற்சியை இந்நூற்றாண்டில் அறிஞர்கள் வேறு வகையில் தொடர்ந்தனர். கபாலத்தைத் திறவாமலே, 1 அல்லது 2 மில்லியாம்பியர் அளவுள்ள மின்னோட்டத்தை அவரவர் ஆல்பா அலையின் தாளத்திற்கு இசையத் தலையில் செலுத்தினர். மின்னோட்டம் நின்ற பின்னும் ஆல்பா அலை ஓங்கியிருந்ததாக ஜெர்மனியில் நிகழ்ந்த சோதனையொன்று 2010இல் அறிவித்தது. பிற சோதனைகள் சிலவற்றில் அவ்விளைவு காணப்படவில்லை. மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலின் வழியே விலகி ஓடிவிட, சிறு பங்கே மூளையை அடைகின்றது.