தோட்டத்துப் பெண்ணும் பெண்தான் என்றவர்: கண்டியின் அக்னஸ் டி சில்வா

கண்டி நகரில் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவைக் கடந்து செல்லும் பலருக்கு அவருடைய மனைவி அக்னஸைத் தெரியாது. மலையகத் தமிழ்ப் பெண்கள் மறக்கக் கூடாத பெயர் அது.

1885 இல் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த நெல் குடும்பத்தில் பிறந்தவர் அக்னஸ். சிங்களவரான சட்டத்தரணி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தார். இனம் கடந்த அத்திருமணத்தை அக்காலச் சமூகம் இலகுவில் ஏற்கவில்லை. தன் வாழ்க்கைத் துணையைத் தானே தெரிவு செய்த அந்தப் பெண், கண்டியையே தன் ஊராக்கிக்கொண்டார். கணவர் பின்னர் சுகாதார அமைச்சரானார். மகள் மினெட் டி சில்வா இலங்கையின் முன்னோடிப் பெண் கட்டடக் கலைஞராகப் புகழ் பெற்றார்.

1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தபோது, மக்கள்தொகையில் 4 வீதமளவானோருக்கே வாக்குரிமை இருந்தது. அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் செயலாளர் அக்னஸ். சங்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வசதியும் ஆங்கிலக் கல்வியும் பெற்ற பெண்கள்.

அவர்கள் ஆணைக்குழு முன் சாட்சியமளிக்கச் சென்றனர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். இந்தியத் தமிழருக்கு வாக்களிப்பதை சிங்களத் தலைவர்கள் பலர் கடுமையாக எதிர்த்த காலம் அது. அக்னஸ் தயங்கவில்லை. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற பொருளில் பதிலளித்தார்.

30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்களிக்கலாம் என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. இறுதியில் அந்த வயது 21 ஆகக் குறைந்தது. 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தபோது பிரான்ஸ் பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. சுவிட்சர்லாந்துப் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தனர். ஆனால் தோட்டத் தமிழர்கள் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் நுழைக்கப்பட்டன. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அக்னஸ் 1961 இல் மறைந்தபோது கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களின் பெண்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகவே இருந்தனர்.

வாக்கு இல்லாதவள் வீட்டிலோ மலையிலோ துன்புறுத்தப்பட்டால் யாரிடம் போவாள்? கங்காணியும் தோட்டத்து அதிகாரியும்தான் அவளுக்கு அரசாங்கம். துன்புறுத்தியவன் அவர்களில் ஒருவன் என்றால் முறைப்பாடு அங்கேயே செத்துவிடும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் போரிலும் இதையே கண்டன. எளிதில் முறையிட முடியாதவளே எளிதில் குறிவைக்கப்படுகிறாள்.

இன்று குடியுரிமை உண்டு, சட்டமும் உண்டு. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுப் பாலியல் தொந்தரவு தனிக் குற்றமாக்கப்பட்டது. 2005 இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழும் துணை, நெருங்கிய உறவினர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறது. சேர்ந்து வாழாத காதலன் அடித்தாலும், படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினாலும் அதன்கீழ் பாதுகாப்புக் கட்டளை பெற முடியாது. தண்டனைச் சட்டத்தின் வழியேதான் போக வேண்டும். காதலித்ததையே குற்றமாகப் பார்க்கும் வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை அதை வெளியே சொல்வதே பெரும்பாடு.

ஆகவே அடி விழுந்த பிறகு வரும் சட்டத்தை மட்டும் நம்ப முடியாது. சம்மதம் என்றால் என்ன, சந்தேகமும் கண்காணிப்பும் அன்பு ஆகாது, மறுத்தவளை விட்டு விலகுவது எப்படி என்பவற்றை ஆண் பிள்ளைகளுடனும் பேச வேண்டும். பாடசாலை, கோவில், வாசிகசாலை, தோட்டத்து இளைஞர் மன்றம், மாதர் சங்கம் எல்லாம் அதற்கு உரிய இடங்கள். தோழி ஒருத்தி சொல்ல வந்தால் அவளைக் குற்றம் சாட்டாமல் கேட்கப் பழகுவதும் அங்கேதான் தொடங்கும். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய உதவி இலக்கங்கள் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதப்பட வேண்டியவை.

அக்னஸ் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர் அல்லர். அவருடைய வர்க்கம் வேறு, மொழி வேறு. ஆயினும் தன் கோரிக்கைக்கே பாதகமாகக்கூடிய கேள்வி வந்தபோது, இன்னொரு இனத்து ஏழைப் பெண்ணை வெளியே விட்டுவிட்டுத் தன் உரிமையைக் காப்பாற்ற அவர் முயலவில்லை. இளையோருக்கான எந்தத் திட்டமும் அங்கிருந்தே தொடங்கலாம். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மலையில் கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கும், முள்ளிவாய்க்காலில் தந்தையை இழந்த மகளுக்கும் கிடைக்கிறதா என்று கேட்பதே அந்தத் தொடக்கம்.