மகாத்மா ஜோதிராவ் பூலேயும் பள்ளிப் பாடமும்

சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் பெயரால் ரிப்பன் பிரபுவை நாம் அனைவரும் அறிவோம். அவர் இந்தியாவின் வைசிராயாக இருந்தபோது, 1882-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு கல்விக் கமிஷனை அமைத்தார். வில்லியம் ஹண்டர் என்பார் அதன் தலைவர். நம் மாகாணத்திலிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும், பி. ரங்கநாத முதலியாரும் அதில் உறுப்பினராயினர். நாடு முழுவதிலும் பள்ளிகள் எந்நிலையில் உள்ளன, அவற்றில் எதை, யாருக்கு, யாரைக் கொண்டு கற்பிப்பது என்று ஆராய்வதே அக்கமிஷனின் பணி. கற்றறிந்தோரும், பாதிரிமாரும், அதிகாரிகளும் அதன்முன் சாட்சியம் அளித்தனர். அவ்வாண்டு அக்டோபர் 19-ஆம் நாள் புனா நகரிலிருந்து ஒருவர் தம் அறிக்கையை அனுப்பினார். தம்மை வணிகர், உழவர், நகரசபை உறுப்பினர் என்று அதில் அவர் குறித்துக்கொண்டார். அவரே ஜோதிராவ் கோவிந்தராவ் பூலே.

இப்பெரியாரின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் ஓரளவு அறிந்திருப்பர். பெண் கல்வியின் முன்னோடி என்றும், டாக்டர் அம்பேத்கர் தம் மூன்று ஆசான்களுள் ஒருவராகப் போற்றியவர் என்றும் படித்திருப்பர். பாடத்திட்டம் பற்றி அவர் கொண்டிருந்த தெளிவு மட்டும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் கருத்து. ஆகவே இங்கு அதையே சற்று விரித்து எழுதுகிறோம்.

பூலே 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பிறந்தார். குலம் மாலி, தோட்டமும் பூவும் அவர்தம் தொழில். பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ அளித்து வந்தமையால் அக்குடும்பத்துக்குப் பூலே என்ற பெயர் அமைந்தது. தீண்டத்தகாதோர் எனப்பட்ட குலத்தில் அவர் பிறக்கவில்லை. ஆயினும் சூத்திரர் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற பேச்சு அவரையும் விட்டுவைக்கவில்லை. எழுதப் படிக்கத் தொடங்கியதுமே தந்தையார் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பினார். அண்டை வீட்டாரான கப்பார் பேக் முன்ஷி என்ற இசுலாமிய ஆசிரியரும் லெஜிட் என்ற வெள்ளையரும் சிறுவனின் கூர்மையைக் கண்டு தந்தையிடம் வாதாடினர். 1841-இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்த அவர், 1847-இல் படிப்பை முடித்தார். இடையில் நின்று போன பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஊரில் இரண்டு பேர் முனைந்தால் போதும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ!

1848-இல் ஒரு பிராமண நண்பரின் திருமண ஊர்வலத்தில் நடந்து சென்றபோது, தம் குலத்தைச் சுட்டி இழிவுபடுத்தப்பட்டார். அவ்வாண்டே புனாவில் பிடே என்பாரின் மாளிகையில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். ஆசிரியை கிடைக்கவில்லை. ஆகவே தம் மனைவி சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து ஆசிரியை ஆக்கினார். அவ்வம்மையார் பள்ளிக்குச் செல்லும் வழியில் சாணமும் சேறும் வீசினர். மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார் என்பது வரலாறு. ஊராரின் அச்சுறுத்தலுக்கு அஞ்சிய தந்தையார் இருவரையும் வீட்டை விட்டு வெளியேற்றினார். உஸ்மான் ஷேக் என்ற நண்பர் இடமளித்தார். 1851 முடிவதற்குள் பெண்களுக்கு மூன்று பள்ளிகள் நடந்தன. 1852-இல் மகார், மாங்கு குலத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அரசே அவருக்குச் சால்வை போர்த்திச் சிறப்புச் செய்தது.

இங்குதான் நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அப்பள்ளிகளை நடத்திய குழுவில் நல்லெண்ணம் கொண்ட உயர்குல நண்பர்களும் இருந்தனர். அவர்கள் பணமும் உழைப்பும் தந்தவர்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பூலே இதற்கு உடன்படவில்லை. தமக்கு எது நன்மை, எது தீமை என்று தாமே பகுத்தறியும் ஆற்றலை அப்பிள்ளைகள் பெறும் அளவுக்குக் கல்வி தரப்பட வேண்டும் என்று அவர் வாதாடினார். கருத்து வேறுபாடு முற்றிக் குழுவிலிருந்து விலகினார். 1857-ஆம் ஆண்டுக் கலகத்துக்குப் பின் வெள்ளையர் தந்த நன்கொடைகளும் வற்றின. 1858-க்குள் அப்பெண்கள் பள்ளிகள் மூன்றும் மூடப்பட்டன.

பள்ளி திறப்பதற்கே ஊர் எதிர்த்த காலம் அது. இருப்பதையும் இழக்கலாமா, பாடத்தின் அளவுக்காக விலகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடையாக அப்பள்ளியின் மாணவி ஒருத்தியை நினைவு கூர்கிறோம். மாங்கு குலத்துச் சிறுமி முக்தா, பதினான்கு வயதளவில் எழுதிய கட்டுரை 1855-இல் ஞானோதயா என்ற மராத்தி இதழில் அச்சாயிற்று. வேதம் தமக்கு உரியதன்று என்றால் தம் மக்களுக்குரிய சமயம்தான் யாது என்று அவள் வினவினாள். தம் மக்கள் பட்ட கொடுமைகளையும் விவரித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற அளவில் நின்றிருந்தால் இவ்வினா பிறந்திராது.

அதன்பின் பூலே கட்டட ஒப்பந்தக்காரராகவும் உழவராகவும் உழைத்துப் பொருளீட்டினார். 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிட்டார். 1873-இல் அடிமைத்தனம் பற்றிய தம் நூலை வெளியிட்டு, சத்திய சோதக சமாஜத்தையும் நிறுவினார். 1876 முதல் 1882 வரை புனா நகரசபையில் உறுப்பினர். இவ்வளவு பட்டறிவோடுதான் அவர் கமிஷனுக்கு எழுத அமர்ந்தார்.

அவ்வறிக்கையின் அடித்தளம் ஒரு கணக்கு. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. கல்விக்கென்றே தனி வரியும் தண்டப்படுகிறது. ஆனால் செலவோ மேல்தட்டினரின் உயர்கல்விக்குப் போகிறது. மேலே ஊற்றினால் கீழே கசியும் என்று அதிகாரிகள் நம்பினர். கசியவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பம்பாய் மாகாணத்தில் பத்தில் ஒன்பது ஊர்களுக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் பிள்ளைகளுக்கு, தொடக்கக் கல்விக்கு வழியே இல்லை என்று சொல்லப்படுவதைச் சுட்டினார். புனாவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மகார், மாங்கு மக்களுக்கு ஒரே ஒரு பள்ளி; அதில் முப்பது பையன்கள்கூட இல்லை. பன்னிரண்டு வயது வரையிலாவது கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கோரினார். பிற பிள்ளைகளோடு அமர விடாத ஊர்களில் இம்மக்களுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்றார். வரவை ஊக்குவிக்க உதவித்தொகையும் பரிசும் வேண்டும் என்றார்.

பாடங்களுக்கு வருவோம். மோடி, பாலபோத் என்னும் இருவகை எழுத்திலும் படிக்க எழுத, கணக்கு, பொது வரலாறு, பூகோளம், இலக்கணம் ஆகியவற்றின் தொடக்கம், வேளாண்மையின் அடிப்படை, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவை அவர் கேட்டவை. பாலபோத் என்பது அச்சு நூல்களின் எழுத்து. மோடி என்பதோ ஊர்க் கணக்கரும் வட்டிக்காரரும் பத்திரம் எழுதிய விரைவெழுத்து. அதைக் கேட்டதில்தான் அவர் நுண்ணறிவு விளங்குகிறது. தன் நிலத்தைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று அறியாமல் கைநாட்டு வைத்தவன் எத்தனை காணி இழந்தான் என்பது, கர்ணம் எழுதியதே கணக்கு என்றிருந்த நம் செங்கற்பட்டுச் சீமையின் முதியோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரிவாக்கமும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. அதன் கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையின்மேல் 1892-இல் சென்னை அரசு ஆணையிட்டதால் வந்தவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்களில் எத்தனை இன்று நம்மவர் கையில் உள்ளன!

ஆசிரியர் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். பிள்ளைகளிடமிருந்து விலகி நிற்பவரால் பாடம் நடக்காது. உழுகுடிகளிலிருந்தே ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும். கலப்பையையும் தச்சனின் உளியையும் தொடக் கூசாதவர் வேண்டும். சம்பளம் பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையலாகாது. பெரிய ஊர்களில் பதினைந்தோ இருபதோ தர வேண்டும். ஆண்டுக்கொருமுறை வந்து போகும் இன்ஸ்பெக்டரால் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வர வேண்டும். முன்னறிவிப்பின்றியும் வர வேண்டும். பாடநூல்களையும் நடைமுறைக்கு ஏற்பத் திருத்தி எழுத வேண்டும் என்றார். புதுப்பாடம் வகுப்போர் பள்ளியையும் ஆசிரியரையும் தாங்காமல் புத்தகத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை நாமும் கண்டோம். 2018-இல் தமிழகத்தில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் பாடநூல்கள் மாறின. நூல்கள் நல்ல நூல்களே. ஆனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத பிள்ளைகள் திகைத்தனர். நம் மாலை வகுப்பில் பாடம் நடத்த வந்த பட்டதாரி இளைஞர்களும் அவர்களோடு சேர்ந்தே அப்பாடங்களைப் படிக்க வேண்டியிருந்தது.

கமிஷன் 1883-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கட்டாயக் கல்வி ஏற்கப்படவில்லை. தொடக்கப் பள்ளிகள் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. கணக்கு, நில அளவை, வேளாண்மைக்கும் சுகாதாரத்துக்கும் பயன்படும் அறிவியல் ஆகியவற்றுக்கு இடம் தரப்பட்டது. சாதியின் பேரால் எந்தப் பையனையும் அரசுப் பள்ளியில் மறுக்கலாகாது என்ற பழைய விதி மீண்டும் உறுதி செய்யப்பட்டது. உரிய எச்சரிக்கையுடன் அதைச் செயற்படுத்துக என்று உடனே ஒரு வாலும் சேர்க்கப்பட்டது. அந்த வால் எத்தனை பள்ளிக் கதவுகளை மூடி வைத்தது என்பதை யாரே கணக்கிட வல்லார்? இன்னொன்றும் உண்டு. பொதுமக்களுக்குரிய தொடக்கக் கல்வி என்பது, வாழ்வில் அவரவர்க்குரிய நிலைக்குப் பொருந்துமாறு அமைய வேண்டும் என்று கமிஷன் வரையறுத்தது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பூலேயும் வேளாண்மைப் பாடம் கேட்டார், கமிஷனும் அதையே தந்தது என்று தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. உழவன் மகன் நல்ல உழவனாகவும், வரலாறும் இலக்கணமும் பத்திரமும் அறிந்தவனாகவும், விரும்பினால் ஆசிரியனாகவும் ஆகட்டும் என்பது பூலேயின் பாடம். அதனால்தான் உதவித்தொகையும், வீட்டிலிருந்தே படித்துப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் உரிமையும் அவர் கேட்டார். அவரவர் நிலையிலேயே அவரவரை இருத்துவது மற்றது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில், கிராமப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. மற்ற நேரம் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் பெற்று எழுந்த எதிர்ப்பால், 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்பயிற்சியைக் கூறும்போது நம் பெற்றோர்கள் ஐயுறுவது இவ்வரலாற்றால்தான். தொழிற்பாடம் எந்நாளும் தீது என்று நாம் சொல்லவில்லை. அது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக வருகிறதா, அப்பாடத்தோடு மேற்படிப்பின் வழி திறந்திருக்கிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கட்டாயக் கல்வியை 1917-இல் கோல்ஹாப்பூர் சாகு மகாராசர் தம் அரசில் நடைமுறைப்படுத்தினார். 1920-இல் சென்னை மாகாணச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அவ்வதிகாரத்தை அளித்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2009-இல்தான் பிறந்தது.

பூலே இவற்றுள் எதையும் காணவில்லை. 1888 மே 11-ஆம் நாள் பம்பாயில் மக்கள் கூடி அவருக்கு மகாத்மா என்ற பட்டம் அளித்தனர். அவ்வாண்டே பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதிப் பழகித் தம் கடைசி நூலை எழுதி முடித்தார். 1890 நவம்பர் 28-இல் மறைந்தார். நூல் மறு ஆண்டு அச்சாயிற்று. சாவித்திரிபாய் அம்மையார் சமாஜத்தின் பணிகளைத் தொடர்ந்தார். 1897-இல் புனாவில் பிளேக் நோய் பரவியபோது, நோயுற்ற மகார் சிறுவன் ஒருவனை மருத்துவமனைக்குத் தாமே சுமந்து சென்றார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.